புள்ளி

மன்னார்குடி முன்சீப் கோர்ட்டில்
நான் தட்டெழுத்தர்.
வாய்க்கால் வழக்குக்கு அது இருபத்தோராம் வருஷம்.
கூத்தாநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கினார்
சபூரா மேடம்,
ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறுகையில் டிபன் கேரியர்.

ஹைதராபாத்தில் பாரசீகம் படித்தவர்.
முப்பது வருஷம் கற்பித்ததில்
வகுப்பு நிறைந்தது ஒரே நாள்தான்,
அன்று பக்கத்து அறையில் மின்விசிறி ஓடவில்லை.
டெஹ்ரானுக்கு ஒருதரம் போனபோது
ரொட்டிக்கடைக்காரர் கேட்டாராம்:
"அம்மா, நீங்கள் எந்த ராஜா காலம்?"

தஸ்தாவேஜை விரித்தார்கள்.
நவாப் தஞ்சாவூரைப் பிடித்துவைத்திருந்த
மூன்று வருஷத்து மை.
நடுவில் ஒரு சொல்.
மேலே புள்ளி இருந்தால் நஹ்ர், வாய்க்கால்.
கீழே இருந்தால் பஹ்ர், பங்கு.
மேலும் கீழும்
ராமபாணம் தின்றிருந்தது.

வெயிலில் பிடித்தார். திருப்பினார்.
முகர்ந்துகூடப் பார்த்தார்.
மேலக்கரையும் கீழக்கரையும்
அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

"தெரியாது" என்றார்.
வக்கீல்கள் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்,
இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே பக்கம்.
அவர் என்னிடம் திரும்பி,
"அதையும் அடியுங்கள் தம்பி."

பஸ் ஏறும்போது சொன்னார்:
அசல், நகல், வசூல், ரசீது, பசலி,
நீங்கள் தினமும் அடிப்பதில் பாதி
என் பாடப்புத்தகம்.

அவருக்குத் தரவேண்டிய படி
இன்னும் பாக்கி.
அந்தச் சொல் வரும்போதெல்லாம்
தாளை உருவி வெளிச்சத்தில் பிடிக்கிறேன்,
க்-கின் தலையில்
புள்ளி விழுந்திருக்கிறதா என்று.