எச்சம்

மிதவையின் மின்னழுத்தம்
தினமும் மூன்று நாற்பதுக்குச் சரிகிறது.
மேகம் என்றேன்.
மேகத்துக்குக் கடிகாரம் ஏது?
உப்புப் படிவு என்றேன்.
உப்பு சாயங்காலம் மட்டுமா வேலை பார்க்கும்?
மண்டபத்து அறையில், விசிறிக்கடியில்,
நான்கு நாள் ஒரு பள்ளத்தையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் வேதாளையிலிருந்து வத்தையில் போனோம்.
செய்யது நைனா இன்ஜினை அணைத்தார்.
சூரியத் தகட்டின் மேல்
காயப்போட்ட கறுப்புச் சட்டையாய்
இறக்கை விரித்து ஒரு நீர்க்காகம்.
"உங்க மூணு நாப்பது அந்தா உக்காந்துருக்கு."
தகடெங்கும் எச்சம்,
வெயிலில் சுண்ணாம்பாய் இறுகி.
வாளியும் தென்னந்துடைப்பமுமாய்
அரை மணி நேரம் தேய்த்தேன்.

'பறவை' என்று எழுத அட்டவணையில் இடமில்லை.
கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம் உண்டு,
அதில் எழுதினேன்.
நிரல் அந்தக் கட்டத்தைப் படிப்பதில்லை.

பறவையின் நிழலில் பேட்டரி இறங்கி
பதினோரு நாள் போய்விட்டது, சித்திரைக் கடைசியில்.
அந்நாட்களில் கடல் எவ்வளவு சுட்டது?
மைனஸ் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத்
தொண்ணூற்று ஒன்பது டிகிரி, என்கிறது கோப்பு.
இல்லை என்பதற்கு இயந்திரம் வைத்திருக்கும் எண்.
பயிற்சிக்கு வந்த ஒருவன் போன வருடம்
இதையும் கூட்டிச் சராசரி எடுத்துவிட்டான்.
ஒரு மதியம் முழுக்க மன்னார் வளைகுடா
எங்கள் திரையில் உறைந்து கிடந்தது.
வயிறு வலிக்கச் சிரித்தோம்.
வெற்றுக் கட்டத்தைச் சராசரியால் நிரப்புவதும்
அதே பொய்தான்,
கொஞ்சம் தலைவாரிய பொய்.

நாகஜோதி பாசி எடுப்பவர்.
எடைக்கணக்கு நோட்டை
பாலிதீன் உறையிலிருந்து உருவினார்.
என் பதினோரு நாளும் அதில் இருந்தன.
ஒன்பது கிலோ. ஏழு. ஏழு. நாலரை.
பிறகு எடையில்லை, பென்சில் எழுத்து மட்டும்:
தண்ணி சுடுது. கல்லு வெளுத்துருச்சு. போகல.
"இத எழுதிக்கிருவீகளா?"
எழுதிக்கொள்கிறேன் என்றேன்.
எந்தக் கட்டத்தில் என்று அவர் கேட்கவில்லை.

துணி சுற்றிய உள்ளங்காலுக்குத் தெரிந்ததை
முப்பத்திரண்டென்றோ முப்பத்து மூன்றென்றோ
நான் ஆக்க முடியாது.
அந்த இடத்தில் கோடு போடவில்லை.
பிழைப்பட்டையை மட்டும் அகலமாக்கினேன்,
சாம்பல் நிறத்தில்,
ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு.

இரவு கழித்தலில் போனது.
நிலவைக் கழித்தேன், அது தூக்கி இறக்கும் ஓதத்தோடு.
கச்சானைக் கழித்தேன். வாடையைக் கழித்தேன்.
சித்திரை வருடந்தோறும் காட்டும்
வழக்கமான கோபத்தையும்.
தெரிந்த காரணமெல்லாம் போனபின் மிஞ்சுவதற்கும்
எங்கள் கணக்கில் எச்சம் என்றே பெயர்.
பூச்சியத்துக்கு மேலும் கீழுமாய்
அது அர்த்தமின்றி ஆட வேண்டும்.
ஆடினால் நான் வீட்டுக்குப் போகலாம்.

ஆடவில்லை.
பதினாறு வருடப் புள்ளிகள்
காற்றுக்குச் சாய்ந்த உடைமரம் மாதிரி
ஒரே பக்கமாய் நின்றன.
இதன்மேல் எந்தப் பறவையும் உட்காரவில்லை.
துடைப்பத்துக்கு இங்கே வேலையில்லை.
கழிக்க விட்டுப்போனது ஏதும் உண்டா என்று
அண்ணாந்து பார்த்தேன்:
விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
அதன் மின்சாரத்தில் கொஞ்சம் வெயில்,
மிச்சம் நிலக்கரி.

எட்டாம் வகுப்பு இலக்கணத்தில்
முடியாத வினைக்கும் இதே பெயர்.
வெளுத்து. வெந்து. காய்ந்து.
ஒரு முற்று வரும்வரை வாக்கியம்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

விடிந்தால் அனுப்ப வேண்டிய அறிக்கையின்
முதல் வரியைத் தொடங்கினேன்:

வேதாளைக்குத் தெற்கே கடல்
பதினாறு வருடமாய்ச் சூடேறி