பதினோராவது இலக்கம்

திங்கள் காலை எட்டேகால், டர்பன் துறைமுகம்.
கூரைத் தகரத்தில் ஹடீடாப் பறவைகள்
யாரையோ திட்டிக்கொண்டிருந்தன.
உள்ளே நாங்கள், வாரக் கணக்குக்காக,
நீள மேசையைச் சுற்றி.
என் நாற்காலி கடைசி, தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்தில்.

சலோஷ்னி சொல்லிக்கொண்டிருந்தாள்:
பேஹெட் சாலையில் லாரிகள் பகலெல்லாம் நிற்கின்றன,
ராத்திரி நேரத்துக்குப் பதிவு செய்தால்
ஒரு நாள் வாடகை மிஞ்சும்.
தொகையைக் காட்டத் தாளைத் திருப்பினாள்.

"கண்ணு," என்றார் முனியன்,
"கணக்கை ஆம்பளைங்க பார்த்துக்குவாங்க.
நீ போய் அந்த டீ என்னாச்சுன்னு பாரு."

அவ்வளவுதான்.
கத்தவில்லை. மேசையைத் தட்டவில்லை.
சிரித்தபடிதான் சொன்னார்,
அந்தச் சிரிப்பில் எங்களுக்கும் ஒரு பங்கு வைத்து,
தட்டில் பலகாரம் நீட்டுவதுபோல.

ரவீன் ஒன்று எடுத்துக்கொண்டான்.
ஹ்லெங்கிவே ஜன்னலைப் பார்த்தாள்.
நான் பேனா மூடியைக் கழற்றி மாட்டினேன்,
கழற்றி மாட்டினேன்.
பதினாறு வருட வேலையில்
எத்தனையோ டன் எடை பார்த்தவன்;
என் நாக்கின் எடை அன்றைக்குத்தான் தெரிந்தது.

டீ வந்தது. குடித்தோம்.
அதையும் சொல்லியாக வேண்டும்: குடித்தோம்.

பிறகு அலுவலகம் எங்கோ கசியத் தொடங்கியது.
ஹ்லெங்கிவே கப்பல் ஏஜெண்டிடம்
ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டாள்.
புதிதாய்ச் சேர்ந்த பெண்,
பெயர்கூட இன்னும் எங்கள் வாயில் நிற்கவில்லை,
ஃபைலோடு முனியனின் கதவுவரை போய்த்
திரும்பி வந்தாள், இரண்டு தடவை.
வெளியே யார்டில் ம்கீஸே மட்டும்
எப்போதும்போல் விசிலடித்தார்;
அவர் அந்த அறையில் இல்லை.

நான் ஒரு கன்டெய்னர் எண்ணைத் தட்டினேன்.
திரை சிவந்தது.
மறுபடி தட்டினேன். மறுபடி சிவப்பு.
கண் திரையில், காது இன்னும் காலையில்.
கண்ணு.
என் மகளை நான் கூப்பிடும் சொல் அது.
அவர் வாயில் கிடந்ததை
எப்படி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்?

நாலு மணிக்கு மேசைமேல் ஒரு நிழல்.
சலோஷ்னி.
"அஞ்சும் ஆறும் இடம் மாறிக் கிடக்கு."
திரையைத் தொடாமல் காட்டினாள்.
மாற்றினேன். பச்சை.

கன்டெய்னர் எண்ணில் கடைசி இலக்கம்
எந்தப் பெட்டியையும் குறிப்பதில்லை.
முன்னால் நிற்கும் பத்தும் சரிதானா என்று
சொல்வதற்கென்றே அதற்கு ஓர் இடம்.
ஒன்று பிசகினாலும் வாய் திறந்துவிடும்.
வேறு வேலை கிடையாது அதற்கு.

"காலையில நான்..." என்று இழுத்தேன்.
"ராத்திரிக் கணக்கோட நகல் உங்ககிட்ட இருக்கா?
இல்லைன்னா இதை வச்சுக்குங்க."
மன்னிப்பு மாதிரி இல்லை.
கோபம் மாதிரியும் இல்லை.
அடுத்த வேலை மாதிரி இருந்தது.

அன்றிரவு சாட்ஸ்வொர்த்தில்
மகளை முழுப்பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டேன்.
"என்னப்பா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்றாள்.

அவள் தூங்கிய பிறகு அந்தத் தாளை விரித்தேன்.
ஒரு தப்பாவது இருக்காதா என்று,
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
இருந்தால் நன்றாயிருக்குமே என்று
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.

இல்லை.

வரும் திங்கள் எட்டேகாலுக்கு
தாள் என் சட்டைப் பையில் இருக்கும்.
வாய் இருக்குமா,
இப்போதே சொல்லத் தெரியவில்லை.