நாலாவது பெருமூச்சு

மாதக் கடைசிச் சனிக்கிழமை,
அங் மோ கியோ நூலகத்தில்
எங்கள் வாசகர் வட்டம் ஏழு பேர்.
குளிர்சாதனம் எப்போதும் எழுபது பேருக்கானது.

அந்த நாவலின் நகரத்தில்
ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று பெருமூச்சுகள்.
நாலாவது குற்றம்.
மாடிக்கு ஒருத்தி சுவரில் காதை வைத்து
எண்ணிக் குறித்துக்கொள்வாள்.
பதினோராம் மாடிக்கு இமையாள்.

முதல் பக்கத்தில் அவள் நம்புகிறாள்:
பெருமூச்சு தொற்றும்,
ஒரு வீட்டில் விட்டால் ஊரே சோர்ந்துபோகும்,
எண்ணுவது அன்பின் வேலை.
கடைசிப் பக்கத்தில்
பேரேட்டை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டுக்
கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாள்.
இடையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள்.
எதில் மாறினாள்?

கமருதீன் பேருந்து ஓட்டுகிறவர், நேரம் தவறாதவர்.
"நூற்று நாற்பது" என்றார்.
அவள் தம்பியைக் கூட்டிப் போகிறார்களே, அங்கே.
புஷ்பலீலா ஒத்துக்கொள்ளவில்லை.
இரவுப் பணி முடிந்து தூங்காமல் வந்திருந்தாள்.
"தம்பி போன பிறகும் எண்ணுகிறாள், பாருங்கள்,
முன்னைவிட ஒழுங்காக எண்ணுகிறாள்.
அடிபட்ட நம்பிக்கை முதலில் வீங்கும்.
வார்டில் தினமும் பார்க்கிறேன்."
மாறவே இல்லை என்றார் துரைசிங்கம்.
களைத்துப்போனாள், அவ்வளவுதான்;
களைப்பை நாம் மனசாட்சி என்று வாசிக்கிறோம்.
அதற்குப் பிறகு சத்தம் கூடியது.
நூலகர் வந்து கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான் பேசவில்லை.
என்னிடமும் ஒரு பக்கம் இருந்தது. ஐம்பத்தெட்டு.
அதில் ஒன்றுமே நடக்காது.
எதிர்வீட்டுக்காரன் மூன்றையும் முடித்துவிட்டான்.
நாலாவதற்கு நெஞ்சு ஏறுகிறது,
இமையாள் பென்சிலை எடுக்கிறாள்.
அவன் இருமிவிடுகிறான்.
'இருமல்' என்று எழுதுகிறாள்.
எழுதிய பிறகு
பென்சில் முனையைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள்.
அடுத்த வரியில் மழை.

ஜூன் மாதம் நான் ஒரு படம் எடுத்தேன்.
பொதுத் தாழ்வாரத்தில் ரோஸ்னாவின் பாண்டான் தொட்டி
வழியில் அரையடி நீட்டிக்கொண்டிருந்தது.
தீப்பிடித்தால் எப்படி ஓடுவது,
கொசு வந்தால் யாரைக் கேட்பது.
அவள்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை.
அதை முக்கியமாகச் சொல்ல வேண்டும்,
கோபமே இல்லை.
செயலியில் புளோக் எண், மாடி எண், படம்.
'நன்றி, உங்கள் தகவல் பதிவாகிவிட்டது' என்று வந்தபோது
ஏதோ நல்லது செய்த மாதிரி இருந்தது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு நாள் கழித்துத் தொட்டியை இழுக்கிற சத்தம்.
கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.
சிமெண்டுத் தரையில் உராய்கிறது, நிற்கிறது,
உராய்கிறது, நிற்கிறது.
நிற்கும்போதெல்லாம் அவள் மூச்சு.
நான் எண்ணவில்லை.
நான்கு.

மறுநாள் என் கேட்டில் ஒரு கட்டு இலை தொங்கியது.
"எடுக்கச் சொல்லிவிட்டார்கள், சோற்றில் போட்டுக்கொள்ளுங்கள்"
என்று மின்தூக்கியில் சிரித்தாள்.
போட்டேன். வீடெல்லாம் மணம்.
இரண்டாவது பிடி இறங்கவில்லை என்று எழுதினால்
கவிதைக்கு அழகாக இருக்கும்.
இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

இப்போது அங்கே தரையில் ஒரு வட்டம்,
துப்புரவாளர் தேய்த்தும் போகாதது.
நூலகத்திலிருந்து திரும்பும்போது
அதை மிதிக்காமல் சுற்றிப் போவதைக் கவனித்தேன்.
எப்போதிலிருந்து என்று தெரியவில்லை.
கமருதீன் கேட்டால் சொல்ல
என்னிடம் பக்க எண் இல்லை.

செயலி அன்றே கேட்டிருந்தது,
உங்கள் அனுபவம் எப்படி என்று.
அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டேன்.
கொடுத்ததை மாற்ற முடியுமா என்று
உள்ளே போய்த் தேடிக்கொண்டிருக்கிறேன்.