ஐந்தாவது கம்பி

ட்ரொண்ட்ஹைமில் நவம்பர் கடைசி என்றால்
மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டும்.
டிராம் வண்டியை டிப்போவில் விட்டு
கையுறையைக் கழற்றி
நகம் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தபடி
மூன்று மாடி ஏறுகிறேன்.
லிஃப்ட் இல்லை.
இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள்,
பின்னால் தேவைப்படும்.

பேஸ் கிட்டார் சுவரில் தொங்குகிறது.
கழுத்து கொஞ்சம் வளைந்தது,
விற்றவன் சொல்லவில்லை, நான் கேட்கவுமில்லை.
கம்பி மாற்றிப் பதினொரு வருடம்.
புதுக் கம்பி தட்டு விழுந்த மாதிரிக் கத்தும்.
இவை
கம்பளிக்குள்ளிருந்து பேசுகின்றன.

வீட்டில் வாசிக்க
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு பெட்டி,
ஒரு ஹெட்ஃபோன், அவ்வளவுதான்.
கீழ்வீட்டு ஓட்டிலி இரவுப்பணி நர்ஸ்.
அவர் தூங்குவது பகலில், மற்றவர்கள் இரவில்,
ஆகவே இந்தக் கட்டடத்தில்
சத்தத்துக்கு என்று ஒரு நேரமே கிடையாது.
வெளியிலிருந்து பார்த்தால்
ஒரு வழுக்கைத் தலையன்
கட்டையைச் சொறிந்துகொண்டு
உதட்டைக் கடிக்கிறான்.
என் மகள் அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

பதிவுக்கு வேறு சாமான்.
கணினியோடு சேர்கிற சிவப்புப் பெட்டியை
யோசிக்காமல் வாங்கினேன்,
வயருக்கு இருபது நிமிடம் நின்றேன்.
யானை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை.
மலிவானதோடு வந்தேன்.
முதல் பாட்டுக்கு அடியிலேயே ஒரு ரீங்காரம்.
வயரை மாற்றினேன்.
ஃப்ரிட்ஜை நிறுத்தினேன், மீன் கெட்டது.
விளக்கையும் அணைத்து இருட்டில் வாசித்தேன்.
கிட்டாரின் வயிற்றைத் திறந்து
செம்புத் தகடு ஒட்டினேன், விரலைக் கிழித்துக்கொண்டு.
அது வந்தது.
ஏறியது, இறங்கியது, போனது.
கடிகாரத்தை எதிரில் வைத்துப் பார்த்தேன்:
கால் மணிக்கு ஒருமுறை.

ஜன்னலுக்கு வெளியே
தெருவின் மேல் அறுநூறு வோல்ட் ஓடுகிற கம்பி.
தினமும் அதன் கீழ்தான் பிழைக்கிறேன்,
அதைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை.

ஒன்பதே கால் வண்டி ஹால்டிஸுடையது.
வளைவுக்கு முன்பே கைப்பிடியைத் தளர்த்துவாள்,
ரீங்காரம் வழுக்கிக்கொண்டு இறங்கும்.
ஒன்பதரை ப்ரின்யுல்ஃப்.
வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்,
மறுபடி வேகம், மறுபடி பிரேக்.
பத்தொன்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து
காபி குடித்திருக்கிறேன்,
இவன் இத்தனை பயந்தவன் என்று தெரியாது.

மூன்றாம் பாட்டை அழிக்கவில்லை.
இரண்டாவது தடவை பல்லவி வருகையில்
ஹால்டிஸ் கடந்து போகிறாள்,
சுருதிக்கு அரை இழை கீழே.
டிரம்ஸ் வாசிக்கிற இங்குன் கேட்டாள்:
"என்ன, ஐந்து கம்பி பேஸ் வாங்கிவிட்டாயா?"

மேடைக்குத்தான் அந்த ஆம்ப்.
முப்பத்தொன்பது கிலோ, பதினைந்து அங்குல ஸ்பீக்கர்,
இரண்டு கைப்பிடியில் ஒன்று மிச்சம்.
(லிஃப்ட் இல்லை, சொன்னேனல்லவா.)
இப்போதெல்லாம் இரண்டு கிலோவில் வருகிறதாம்.
தெரியும். விலையும் தெரியும்.
அதுவும் போக,
அடிவயிற்றில் காற்று வந்து மோத வேண்டும் என்று
இரண்டு கிலோவிடம் கேட்க எனக்குக் கூச்சம்.

வெள்ளிக்கிழமை நிடெல்வா ஆற்றங்கரை மதுக்கடையில் வாசித்தோம்.
பனி. கார் கிளம்பவில்லை.
ஆம்பைக் கைவண்டியில் கட்டி
டிராமில் ஏறினேன், பயணியாக.
ப்ரின்யுல்ஃப் கண்ணாடி வழியே பார்த்தான்.
"அதற்கும் டிக்கெட் எடுத்தாயா?"
வளைவு வந்தது.
பெட்டியை முழங்காலால் அணைத்துக்கொண்டு
கண்ணை மூடினேன்.
அன்று அவன்
முன்கூட்டியே தளர்த்தினான்.

பதினேழு பேர் வந்திருந்தார்கள்,
அதில் இருவர் எதிர்க்கடை என்று நினைத்து.
குளிரில் வந்த கிட்டாரை உடனே திறக்கக்கூடாது,
அரை மணி நேரம் உறையிலேயே இருக்க வேண்டும்.
நானும் கோட்டைக் கழற்றாமல் பக்கத்தில் இருந்தேன்.
மூன்றாம் பாட்டில், அந்த இடத்தில்,
விரல் தானாக நின்றுவிட்டது,
ஏதோ கடந்து போகட்டும் என்பது போல.
இங்குன் முறைத்தாள்.

இப்போது இரவு ஒன்றரை.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
ஆம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
கடைசி வண்டி எப்போதோ போய்விட்டது.
இன்னும் பதினெட்டுப் படி,
ஒரு கைப்பிடி.