பூசணிக்காய், ஒன்று

ஆனி மாதம். வவுனிக்குளத்தில்
அந்தோனியார் திருநாள்.
பூசை முடிந்து, கோயில் முற்றத்தில் காணிக்கை ஏலம்.
கணக்குக் கொப்பி என்னிடம்.
பொருள், தந்தவர், எடுத்தவர், தொகை:
அடிமட்டம் வைத்துக் கீறிய நான்கு கட்டம்.

சேவல் இரண்டு, றெஜிஸ் முதலாளி.
நெல் ஒரு மூடை, எட்டாம் யூனிற் ஆட்கள்.
விரால் கருவாடு, சங்கத் தலைவர்;
பெயரை இரண்டுதரம் சொன்னார், இனிஷலோடு.

பிறகு பெனதிற்றா வந்தாள்,
இடுப்பில் பிள்ளையை வைத்ததுபோல் ஒரு பூசணிக்காய்.
மண்ணில் கிடந்த பக்கம் வெளிறியிருந்தது.
"ஆற்ர பேரில போட?"
"பேர் வேண்டாம். நான் நடேல்லை.
மூடின பங்கருக்கு மேல தானா வந்தது.
தந்தவர் என்னட்டக் கையெழுத்துக் கேக்கேல்லை."

எனக்குச் சுட்டது.
மீள்குடியேறிய வருசம்
நிறுவனமொன்றில் நான்தான் பட்டியல் எழுதினேன்.
பயனாளி இலக்கம் நாற்பத்தேழு: பெனதிற்றா. ஆடு ஒன்று.
ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டதால்
மூன்றுதரம் அவளை வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தோம்.
பின்னால் பதாகை. "சிரியுங்கோ அக்கா" என்றேன்.
ஆடு ஒரு மாதத்தில் செத்தது.
படம் எங்கோ ஒரு நாட்டில்
பளபளப்பான தாளில் இன்னும் சிரிக்கிறது.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும்.
மகன் டெறன்ஸுக்கு உடல் இல்லாமல் பூசை வைத்த அன்று
தந்தவரே எடுத்துக்கொண்டார் என்று பாதர் தொடங்க,
எழுந்து நின்றாள்.
"எடுத்தது அவரில்லை பாதர்.
எடுத்ததை நான் கண்ணால கண்டனான்."
எவரும் இருமவில்லை.
அடுத்த ஞாயிறும் அதே வாங்கில் இருந்தாள்,
நற்கருணைக்கு நாக்கை நீட்டினாள்.

நான் அப்படியல்ல.
மாத்தளன் மணலில் குப்புறக் கிடந்தபோது
வியாபாரம் பேசியவன்:
உயிரோடு கரைசேர்த்தால்
என் உயரத்தில் ஒரு மெழுகுதிரி.
பக்கத்தில் கிடந்தவனும் அதையேதான் கேட்டிருப்பான்.
அவன் என்னைவிட நெட்டை.
திரி இன்னும் கொடுக்கவில்லை.
கொடுத்தால்
விலை சரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று
ஒரு பயம்.

ஏலம் கூவினார்கள். பூசணிக்காய்க்குக் கேள்வி இல்லை.
கச்சான் காற்று பந்தலை உதறியது.
"நூறு" என்றது ஒரு குரல். பெனதிற்றா.
சனம் சிரித்தது.
"நீ குடுத்ததை நீயே வாங்கிறியோ?"
"இரவைக்கு என்ன கறி வைக்கிறது?
குடுத்தது குடுத்ததுதான். இது வேற."
நூற்றைம்பது என்று தன்னையே ஏற்றினாள்.
முடிச்சை அவிழ்த்து எண்ணி வைத்தாள்,
இருபதுகளும் பத்துகளும், வியர்வையில் நனைந்தவை.

பிறகு கறியையும் மறந்தாள்போல.
கச்சான் கடலை விற்றவனிடம் கத்தி வாங்கி
படியில் வைத்துப் பிளந்தாள்.
உள்ளே அந்த மஞ்சள்!
தேடி வைத்ததல்ல, காட்ட வைத்ததுமல்ல,
இருட்டுக்குள் சும்மா இருந்த மஞ்சள்.
முதலாளிக்கு ஒரு துண்டு, தலைவருக்கு ஒரு துண்டு,
கிறிஸ்தவரல்லாத கடலைக்காரனுக்குப் பெரிய துண்டு.
எனக்கு வரும்போது விதையும் சோத்தியும்தான் மிச்சம்.
கை நிறைய அள்ளி வைத்தாள்.
வாங்குவதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது;
பேனையைக் கீழே போட்டேன்.

பொருளாளர் கொப்பியைப் பார்த்தார்.
"தந்தவர் எண்ட இடம் வெறுமையாக் கிடக்கு."
"ஓம்."
"ஏதாவது போடு, கணக்கு முட்டாது."
"தொகை முட்டும், அண்ணை."

வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தேன்.
ஈர விதையொன்று தாளில் ஒட்டியிருந்தது.
அந்த வெறும் கட்டத்தில் அல்ல;
இரண்டு வரி தள்ளி,
தலைவரின் இனிஷலுக்கு மேல்.
நகத்தால் கிளப்பினேன்.
மை கொஞ்சம் அதோடு வந்தது.