மாற்றம் எதுவும் உண்டா

டுலூத் நகராட்சி, இரண்டாம் மாடி, ஏழாவது கவுன்ட்டர்.
நிரந்தரப் பலகை என்றுதான் மனுவில் போட்டிருக்கிறது.
ஆனாலும் மார்ச்சுக்கு மார்ச்
அது நிரந்தரம்தான் என்று நான் வந்து சொல்லவேண்டும்,
நாற்பத்தைந்து டாலரோடு.

லிண்ட்குவிஸ்ட் அண்டு போஹாச், சைலன்சர் ரிப்பேர்.
முப்பத்திரண்டு சதுர அடி, இரண்டு கால், உள்ளே விளக்கு.
லிண்ட்குவிஸ்ட் நான்.
போஹாச் அரிசோனாவில் இருப்பதாகக் கேள்வி,
கடைக் கணக்கில் கிடந்த பதினோராயிரமும் கூடவே.

பெயரை எடுத்தால் அது மாற்றம்.
மாற்றமென்றால் புது மனு, வரைபடம், பொறியாளர் கையெழுத்து,
முந்நூற்று எண்பது.
ஆறு வருடமாக 'இல்லை' கட்டத்தில் டிக் அடிக்கிறேன்.
யாராவது வந்து போஹாச் எங்கே என்றால்
வெளியே போயிருக்கிறார் என்கிறேன்.
பொய்யில்லையே.

டிசம்பரில் என் பெயருக்குப் பின்னாலிருந்த டியூப் போய்விட்டது.
ராத்திரியில் நெடுஞ்சாலைக்கு அவன் மட்டும் தெரிகிறான்.

இந்த முறை மார்லிஸ் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளினாள்.
ஆய்வாளர் குறிப்பு:
வலப்பக்க போல்ட் துருவேறித் தளர்ந்திருக்கிறது,
விழுந்து யார் மண்டையாவது உடைந்தால்
உரிமையாளர் பொறுப்பு.

வலப்பக்கம்.
அவன் பக்கம்.

ஏணியைப் பிடிக்க ஆளில்லை, ஏரிக்காற்று அதை உலுக்கியது.
கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
புது போல்ட்டை உள்ளே விட்டேன்.
அவன் பெயரின் கடைசி எழுத்து கன்னத்தில் பட்டது,
தகரம் மாதிரி சில்லென்று. தகரம்தான்.
ஸ்பேனர் இறுகி நின்றது.
இன்னும் அரைச்சுற்று போகும் போலிருந்தது.
போட்டேன்.