செம்மண் இரைச்சல்

காலை ஆறரை. ஒட்டுசுட்டான் காட்டு விளிம்பு.
முதல் வேலை, கருவிக்கு இந்த மண்ணைப் பழக்குவது.
செம்மண்ணே அரைவாசி இரும்பு;
சும்மா விட்டால் வெறும் நிலத்துக்கும் கத்தும்.
சுருளைத் தரையோடு பிடித்து, உயர்த்தி, தாழ்த்தி
"இது மண், இது மண்" என்று சொல்லிக்கொடுத்த பின்
மிச்சமாய் எது கத்துகிறதோ
அதற்கு முன்னால் முழங்காலிடுவேன்.

இரவில் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

கார்த்திகைக்கும் உரோகிணிக்கும் நடுவே, கொஞ்சம் வடக்கே,
வெறுங்கண்ணுக்கு அகப்படாத ஒரு நட்சத்திரம்.
பெயரில்லை, ஒன்பது இலக்கம் மட்டும்.
வயது இருபது லட்சம்: இன்னும் பால்பல் விழவில்லை.
நானூற்றைம்பது வருடம் நடந்துவந்த அதன் வெளிச்சத்தைச்
செய்மதி எண்ணி அனுப்ப,
மாங்குளத்தில் சிக்னல் நல்லாய் இருந்த ஒரு ஞாயிறு
மடிக்கணினியில் இறக்கி வைத்தேன்.
இரண்டு நாளைக்கொரு தரம் மங்குகிறது.
தன்னைத்தான் சுற்றி அதே கன்னத்தை
மறுபடி எங்கள் பக்கம் திருப்புகிறது.

கன்னத்தில் கால்வாசி கரும்புள்ளி.
அடியிலிருந்து ஏறிவரும் சூட்டைக்
காந்தம் குறுக்கே நின்று மறிக்கிற இடம்.
கறுப்பு என்பது எங்கள் பேச்சு.
மூவாயிரம் பாகையில் அதுவும் எரிகிறது,
பக்கத்தில் இன்னும் கூட எரிவதால்
இருட்டென்று பெயர் வாங்கிக்கொண்டது.

அறுபத்திரண்டாம் இரவில் ஒரு புள்ளி
கோட்டை விட்டுத் துள்ளி மேலே நின்றது.
பிழையென்று அழிக்கப் போனேன்.
அடுத்ததும் உயரம். அதற்கடுத்தது சற்றுத் தணிவு.
நாற்பது நிமிடம்:
முறுக்கேறிய காந்தக் கயிறு அறுந்து
வேறோர் அறுந்த நுனியோடு முடிந்துகொண்ட நேரம்.
அது வெடித்தபோது
தமிழில் மிதிவெடி என்ற சொல் இருந்திருக்காது.

செவ்வாய், பதினேழாம் பாதை, பாலை மரத்தடி.
கருவி நான் கேட்டிராத சுருதியில் கத்தியது.
பக்கவாட்டாய்ச் சுரண்டினேன், விரலளவு, விரலளவு.
இருபத்தைந்து நிமிடத்துக்குப் பின்
ஒலிபெருக்கியொன்றின் வட்டக் காந்தம்.
காகிதக் கூம்பைக் கறையான் தின்றிருந்தது.
ஓர் ஆணி, சைக்கிள் கம்பித் துண்டு, தையல் ஊசி,
எட்டிய எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு கிடந்தது.
விளிம்பில் இரும்பு மண் மயிராய்ச் சிலிர்த்து
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
வில் வில்லாய் வளைந்து நின்றது.

"உதுக்கு மீசையெல்லே முளைச்சிருக்கு" என்றாள்
பரிசோதிக்க வந்த பிலோமினா, முகமூடியை உயர்த்தாமல்.
யாருடைய பாட்டு, யாருடைய அறிவிப்பு
அதனூடே போனதென்று இருவரும் கேட்கவில்லை.

வைத்திருக்க ஆசைதான்.
சட்டைப்பையில் இருந்தால் கருவி
நாள் முழுக்க என்னைத்தான் கண்டுபிடிக்கும்.
தகர வாளிக்குள் விட்டேன். பாதி வழியிலேயே
ஒரு பக்கச் சுவரில் டணாரென்று ஒட்டிக்கொண்டது.
பதிவேட்டில்: உலோகத் துண்டு, ஒன்று.

பிறகு மறுபடி சுருளைத் தரையோடு பிடித்து
"இது மண்" என்றேன்.
கருவி கொஞ்ச நேரம் நம்பவில்லை.